நிற்கிற வண்டியின் லாபம்

1

மெல்பர்னில் விமானம் இறங்குவதற்கு முன்னால் ஓர் அட்டையைப் பூர்த்தி செய்யச் சொல்வார்கள். ஆயுதம் உண்டா, மருந்து உண்டா, உணவு உண்டா, விதை உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, மண்ணோ மண் ஒட்டிய பொருளோ கொண்டு வருகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். வழக்கமாக மாவடுவுக்கு மட்டும் 'ஆம்' போட்டுவிட்டு, மற்றதற்கெல்லாம் நல்ல பிள்ளையாக 'இல்லை' போடுகிறவன் நான். இந்தமுறை மண்ணுக்கும் 'ஆம்' போட்டேன். நேர்மையெல்லாம் இல்லை, பொய் சொன்னால் போடுகிற அபராதத்தை நினைத்து வந்த பயம்.

கையுறை போட்ட அதிகாரி என் காலணியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் மதுரை ஒத்தக்கடைச் செம்மண் அப்பியிருந்தது.

"பண்ணைக்குப் போயிருந்தீர்களா?"

"இல்லை. கட்டட வேலை நடக்கும் இடம்."

"விடுமுறையில் கட்டட வேலையா?"

"நண்பனுக்காக."

அவர் காலணிகளை உள்ளே எடுத்துப்போய், தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிய நாளில்கூட அவை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. காலுறையோடு நின்றுகொண்டிருந்த என்னிடம், மரியாதைக்காக, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். மண்ணை நகர்த்தும் செலவைக் குறைக்கிற வேலை என்றேன். கையிலிருந்த தூரிகையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நான் அவரைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்கக்கூடும்.

2

உண்மையிலேயே அதுதான் என் வேலை. மெல்பர்னின் மேற்குப் புறத்தில் வயல்களையெல்லாம் மனைகளாக்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே வெட்டினால் எவ்வளவு மண் வரும், அதை எங்கே போட்டு நிரவினால் லாரி ஏற்றாமல் தப்பிக்கலாம் என்று கணினியில் பார்த்துச் சொல்வேன். மொத்த ஞானமும் ஒரே வரிதான்: ஒருமுறை அள்ளிய மண்ணை மறுமுறை அள்ளாதே. இந்த ஒரு வரியை வருடம் முழுக்க வெவ்வேறு வண்ணப் படங்களாகப் போட்டுக் காட்டிச் சம்பளம் வாங்குகிறேன்.

இங்கே இந்த ஞானத்துக்கு மதிப்பு உண்டு. மனையை விட்டு ஒரு லாரி மண் வெளியே போக வேண்டுமானால் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அது சுத்தமான மண்ணா, கொஞ்சம் அசுத்தமா, தொடவே கூடாத மண்ணா என்று சான்றிதழ் வரும். அதற்கும் முன்னால், அந்த இடத்தில் ஒரு வகைத் தவளை குடியிருக்கிறதா என்று ஒருவர் ராத்திரிகளில் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். தவளை கத்தினால் வேலை நின்றுவிடும். எனக்கு நிரந்தரக் குடியுரிமை கிடைத்த கதைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. என்னையும் ரத்தப் பரிசோதனை செய்து, போலீஸ் சான்றிதழ் வாங்கி, இன்ன வகை என்று எழுதிய பிறகுதான் உள்ளே கொட்டினார்கள்.

இந்த வேலையை ஊரில் விளக்குவது கஷ்டம். என் மனைவி ஒரு கல்யாண வீட்டில், "மண்ணு வேலை சம்பந்தப்பட்ட கம்பெனி" என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள். அவளுடைய பெரியப்பா என்னைத் தனியே அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தி, "மாப்ள, அங்க எந்த ஆத்துல அள்றீங்க?" என்று கேட்டார். அவர் கண்ணில் அன்று எனக்கிருந்த மதிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. பூமிக்குள் இருக்கும்வரை அடக்கமாக இருக்கும். வெட்டி வெளியே போட்டால் பொங்கிவிடும். அதே குழியில் திருப்பிக் கொட்டினால் கொள்ளாது, மேலே மேடாக நிற்கும். தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி நசுக்கினால்தான் அடங்கும். ஓய்வு பெற்றதும் மதுரைக்கே திரும்பிவிடப் போவதாக இங்குள்ள நண்பர்கள் பேசும்போது எனக்கு இது ஞாபகத்துக்கு வரும். பாயசம் பரிமாறும் நேரத்தில் சொல்கிற விஷயமா என்று விட்டுவிடுவேன்.

3

முத்துப்பாண்டியும் நானும் மதுரை கோச்சடையில் ஒரே தெரு. ஒரே பாலிடெக்னிக். நான் மேலே படித்து, விசா வாங்கி, இங்கே வந்து சேர்ந்தேன். அவன் சின்னச் சின்ன ஒப்பந்தங்கள் எடுத்து, ஒரு ஜேசிபி வாங்கினான். பைனான்சில்தான். வண்டிக்குப் பூஜை போட்ட அன்று வீடியோவில் காட்டினான். மஞ்சள் வண்டிக்குச் சந்தனம் பூசியிருந்ததால் சந்தனம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

போன வருடக் கடைசியில் ஒரு நாள், நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் கூப்பிட்டான்.

"மாப்ள, மண்ணு செலவக் கொறைக்க ஒரு வழி சொல்லு."

இத்தனை வருட நட்பில் அவன் என் தொழில் சம்பந்தமாகக் கேட்ட முதல் கேள்வி. டப்பாவை மூடிவிட்டேன்.

ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டுப் பக்கம், ஒரு கல்யாண மகாலுக்கு அஸ்திவார வேலையும் தரையை உயர்த்துகிற வேலையும் எடுத்திருந்தான். மொத்தமாகத் தொகை பேசி, மாதாமாதம் பில். மகாலின் சொந்தக்காரர் பெருமாள்சாமி. வாடிப்பட்டியில் அரிசி மண்டி வைத்திருப்பவர். பேசிய தொகை டீசலுக்கே போய்க்கொண்டிருந்தது. வண்டிக்குத் தவணை ஏற்கெனவே பாக்கி.

"இந்த வேலையில கைய கடிச்சிருச்சுன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிருவாய்ங்க மாப்ள. வண்டி போச்சுன்னா நான் யாருட்டயாவது கூலிக்கு வண்டி ஓட்டப் போகணும். இந்த வயசுல டிரைவரா எவன் சேப்பான்?"

வேலை நடக்கும் இடத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நாலைந்து நாள் வந்தது. பார்க்கப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு வீடியோவிலும் ஒரே மண் குவியல், வெவ்வேறு இடத்தில் இருந்தது.

4

பொங்கலுக்குப் பிறகு ஊருக்குப் போன நான், நேராக அந்தக் குவியலைத்தான் போய்ப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் இதை இன்னும் மன்னிக்கவில்லை.

விஷயம் இதுதான். தோண்டிய மண்ணை எங்கே போடுவது என்று கேட்டதற்கு, பெருமாள்சாமி தென்மேற்கைக் காட்டியிருக்கிறார். அது கன்னி மூலை. எப்போதும் உயர்ந்திருக்க வேண்டும். அங்கே மலைபோல் குவித்தார்கள். கொஞ்ச நாளில் அந்த மூலையிலேயே தூண்களுக்குக் குழி தோண்ட வேண்டி வந்தது. குவியலை வடகிழக்குக்குத் தள்ளினார்கள். அதைப் பார்த்ததும் பெருமாள்சாமிக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. ஈசானி மூலையில் பாரம் ஏற்றினால் குடும்பம் விளங்குமா? குவியல் நடுவுக்கு வந்தது. பிறகு நடுத் தூண்களுக்கு நேரம் வந்தது. தூண்களுக்கு அஸ்திவாரம் போட்டார்களோ இல்லையோ, குவியலைப் பிரதட்சிணமாகச் சுற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். இதற்கு நடுவில், தரையை உயர்த்த வெளியிலிருந்து வேறு சரளை மண் வாங்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பெருமாள்சாமி பெரிய குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஜேசிபியையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் வந்துவிடுவாராம். மதியம் மண்டிக்குப் போய்விட்டு, சாயங்காலம் மறுபடியும் வருவாராம்.

"மொதலாளி, நான் சொன்னேன்ல, வெளிநாட்டு எஞ்சினியரு" என்றான் முத்துப்பாண்டி.

"வாங்க தம்பி. நீங்களே சொல்லுங்க, கன்னி மூலை ஒசந்திருக்கணுமா வேணாமா?"

"ஒசந்துதாங்க இருக்கணும்" என்றேன். வாஸ்துவைக் கிண்டலடித்தே மனைவியின் குடும்பத்தில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவன் நான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அங்கயும் மூலையெல்லாம் பாப்பாங்களா?"

"மூலை எல்லா ஊர்லயும் நாலுதாங்களே."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. அந்தச் சூட்டோடு சொல்லி முடித்தேன். கன்னி மூலைப் பக்கம் அஸ்திவாரத்தை முதலில் முடித்து, சுற்றிலும் தொட்டிபோல் தரைமட்டத்தில் கான்கிரீட் உத்தரத்தைப் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு தோண்டுகிற மண் முழுவதையும் நேராக அதற்குள் கொட்டி, தண்ணீர் விட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும். வெட்டிக்கொண்டே ஈசானி மூலைவரை பின்வாங்கிப் போனால் முடிந்தது. திரும்ப எடுக்கவே வேண்டாம். வெளி மண்ணும் அவ்வளவாகத் தேவைப்படாது.

"அப்ப கன்னி மூலை ஒசந்தே இருக்கும்?"

"மகால் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

"இம்புட்டு நாளா இத ஏன்டா நீ சொல்லல?" என்று முத்துப்பாண்டியிடம் திரும்பினார்.

தேநீர் குடிக்கப் போனபோது முத்துப்பாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மாப்ள, நீ அங்க எஞ்சினியரிங் படிச்சியா, ஜோசியம் படிச்சியா?"

"சொன்னது எஞ்சினியரிங்தான்டா. அவரு காதுல ஜோசியமா விழுந்துச்சு."

"நாங்க இத 'வெட்டி நெரவுறது'ம்போம். நீ என்னமோ ஒரு மணி நேரமா படம் போட்டு விளக்குற."

காலணியில் அந்த மண்ணோடு விமானம் ஏறினேன். வழியெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமையாக இருக்கும்போது யாராவது என்னைத் தட்டி எழுப்பிவிட்டால் தேவலை.

5

நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் என் மகள் நிவேதா தனியாக வீடு பார்த்துக்கொண்டு போவதாகச் சொன்னாள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், மூன்று தோழிகளோடு. போக்குவரத்துச் செலவும் நேரமும் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். கணக்கு சரியாக இருந்தது. வீணாக ஒருமுறைகூட இடம் மாறத் தேவையில்லாத ஏற்பாடு. தொழில்ரீதியாக என்னால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது முத்துப்பாண்டியிடமிருந்து போன் வந்தது. நான் பேசி முடித்ததும் அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா அந்த அங்கிளோட சண்டை போட்றீங்க?"

"சண்டை இல்லம்மா. சாதாரணமாத்தான் பேசினேன்."

"ஆபீஸ் கால்ல இப்படிப் பேச மாட்டீங்களே. ஊர்ல பேசுறப்ப மட்டும் ஏன் வேற ஆளா ஆயிடறீங்க?"

அந்த இன்னொரு ஆள்தான் நான், ஆபீசில் பேசுகிறவனை எனக்கே அவ்வளவாகப் பழக்கமில்லை என்று சொல்லியிருக்கலாம். "தூரத்துல இருக்கான்ல, அதான் சத்தமா" என்றேன். அவளும் ஒப்புக்கொண்டு, தலையணை உறையைத் தேடப் போய்விட்டாள்.

6

அந்தப் போனில் முத்துப்பாண்டி சொன்னது இது.

"மாப்ள, உன் பிளானு சூப்பரு. அதான் பிரச்சினை."

"என்னடா?"

"வேலை பொசுக்குனு முடிஞ்சிருது. காலையில தோண்டிக் கொட்டிட்டா, கம்பி கட்டி கான்கிரீட் போடுற வரைக்கும் வண்டிக்கு வேலை இல்ல. நிக்குது. ஓனரு சேரப் போட்டு அதையே பாத்துக்கிட்டு இருக்காரு. நேத்து கேட்டுட்டாரு. மொத்தத் தொகை பேசுனது ஓடுற வண்டிக்குத்தானாம், நிக்கிற வண்டிக்கில்லையாம். இந்த மாசப் பில்லுல கொறைக்கப் போறேன்றாரு."

அந்த மாதப் பில்லை நம்பித்தான் தவணை இருந்தது. பில் குறைந்தால் வண்டி போய்விடும். டீசலை மிச்சப்படுத்தி வண்டியைத் தொலைக்கிற வழியை நான் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் பெருமாள்சாமியிடம் வீடியோவில் பேசினேன். குடைக்குக் கீழே அவர் முகம் பாதி தெரிந்தது.

"வண்டி நிக்குதே தம்பி."

"வேலை முடிஞ்சதுனால நிக்குதுங்க. நின்னா நல்லது. நிக்கிற வண்டிலதாங்க லாபம்."

"யாருக்கு?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் மிச்சப்படுத்திய மண்ணெல்லாம் யாருக்கு மிச்சமானது என்று யோசித்தேன். எனக்கில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அவரே இரங்கி விளக்கினார். "என் மண்டியில ஒருத்தன் சும்மா உக்காந்திருந்தா, வேலைய முடிச்சிட்டு உக்காந்திருக்கானா, முடிக்காம உக்காந்திருக்கானான்னு நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். எந்திரிச்சு மூட்டைய அடுக்குடான்னுவேன். அடுக்குன மூட்டையா இருந்தாலும் எறக்கி அடுக்குடான்னுவேன். ஆளு அசையணும் தம்பி. அப்பத்தான் எனக்குக் கூலி குடுக்க மனசு வரும்."

"உங்க வேலை தேதிக்கு முன்னாடியே முடிஞ்சிரும்ங்க."

"சீக்கிரம் முடிஞ்சா, வேலை கொஞ்சம்னுதான அர்த்தம்?"

அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வண்டி நிற்பதுதானே கண்ணை உறுத்துகிறது, கண்ணில் படாமல் செய்துவிட்டால் என்ன என்று யோசித்தோம். முத்துப்பாண்டி வேலை முடிந்ததும் வண்டியைப் பக்கத்து ஊரான நரசிங்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் கொட்டகையில் கொண்டுபோய் விட்டான். வேறு வேலைக்குப் போயிருப்பதாக ஓனரிடம் சொன்னான். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் பைனான்ஸ் வசூல்காரர் மகாலுக்கு வந்து பார்த்திருக்கிறார். வண்டியைக் காணோம். நேரே கோச்சடைக்கு, வீட்டுக்கே போய்விட்டார்.

முத்துப்பாண்டியின் மனைவி ஈஸ்வரி எனக்குப் போன் செய்தாள். அவள் என்னிடம் கோபமாகப் பேசியதே இல்லை.

"அண்ணே, வண்டிய ஒளிச்சு வச்சிருக்கோமாம். தெருவே கேக்குற மாதிரி சத்தம் போட்டுட்டுப் போறான். அந்த மண்டிக்காரரு வண்டி நிக்குதுன்னு கோவிக்கிறாரு. இந்தப் பைனான்ஸ்காரன் வண்டி அங்க நிக்கலன்னு கோவிக்கிறான். நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்கண்ணே. வண்டி எங்கதான் நிக்கணும்?"

"ரெண்டு நாள் டயம் குடும்மா."

"டயம் நான் குடுத்துருவேன். மாசக் கடைசி குடுக்குமா?"

7

தீர்வை முத்துப்பாண்டியேதான் சொன்னான். கூச்சத்தோடு சொன்னான், அதுவே வழக்கத்துக்கு மாறு.

"மாப்ள, கொஞ்சம் மண்ண மட்டும் உள்ள கொட்டாம ஒதுக்கி வச்சுக்கறேன். ஓனரு வர்ற நேரத்துக்குக் காலையில இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அள்ளிப் போடுறேன். சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். வண்டியும் சைட்டுலயே இருக்கும், பைனான்ஸ்காரனும் பாத்துக்கலாம். டீசல் ரொம்பக் குடிக்காம அத எப்படி நகட்டுறதுன்னு மட்டும் சொல்லு. நீ அதுக்குத்தான படிச்சிருக்க."

அதற்கு நேர் எதிரானதுக்குத்தான் படித்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்கிற நேரம் இல்லை அது.

மறுநாள் மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து வரைந்தேன். ஒரு மண் குவியலை எந்தப் பயனும் இல்லாமல், மிகக் குறைந்த செலவில் நகர்த்துவது எப்படி? வண்டி ஊர்ந்து போகவே கூடாது. நின்ற இடத்திலிருந்து அதன் கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு இடங்கள் வேண்டும். கெட்டி மண் கூடாது. ஏற்கெனவே பொங்கிய மண்ணாக இருந்தால் என்ஜின் முக்காது. பக்கெட் அரைவாசி நிறைந்தால் போதும். ஆனால் உயரத் தூக்கிக் கொட்ட வேண்டும், நாற்காலியிலிருந்து பார்த்தால் நிறைய விழுவதுபோல் தெரியும். புழுதி கிளம்ப வேண்டும், அது குடைப் பக்கம் போகக் கூடாது. ஆகவே காற்றுத் திசையையும் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், இவ்வளவு சிரத்தையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

என் மேலாளர் டெப் கையில் காப்பியோடு அந்த வழியாக வந்தவள், திரையைப் பார்த்து நின்றாள்.

"புதிய திட்டமா?"

"சின்னது. என் ஊரில்."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த மண் கடைசியில் எங்கே போகிறது?"

"எங்கேயும் போகவில்லை."

"பிறகு எதற்கு நகர்த்துகிறீர்கள்?"

"வாடிக்கையாளருக்கு அது நகர்வதைப் பார்க்க வேண்டுமாம்."

நான் அவளுடைய ஆச்சரியத்துக்குத் தயாராக இருந்தேன். அவளோ, மிகவும் பழகிய ஒன்றைக் கேட்டதுபோல் தலையசைத்துவிட்டு, மாதாந்தர அறிக்கைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.

படத்தை அனுப்பினேன். அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் முத்துப்பாண்டியிடமிருந்து சத்தமே இல்லை. மாதக் கடைசி வந்தது, போனது. நான் கூப்பிடவில்லை. வண்டியை எடுத்துப்போயிருந்தால் அதை அவன் சொல்லவும் வேண்டாம், நான் கேட்கவும் வேண்டாம் என்று இருந்தது.

நேற்று ஒரு வீடியோ வந்தது. யானைமலைக்கு முன்னால் ஜேசிபியின் கை உயர்ந்து, நிதானமாகத் திரும்பி, செம்மண்ணை மேலேயிருந்து உதிர்க்கிறது. பார்த்தால் பெரிய வேலை நடப்பதுபோலத்தான் இருக்கிறது. குடைக்குக் கீழே பெருமாள்சாமி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னாலேயே போனும் வந்தது.

"பில்ல முழுசா குடுத்துட்டாரு மாப்ள. 'இப்பத்தான்யா வேலை நடக்குது'ன்னாரு. தவணையும் கட்டியாச்சு."

"வண்டி?"

"நம்ம வண்டிதான. வீடியோல பாக்கல?"

"டீசல் எம்புட்டுடா போகுது, அந்தக் குவியலுக்கு?"

"அத விடு. முன்ன போனதுல பாதிகூட இல்ல." பக்கத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. யாரிடமோ, மெதுவா மெதுவா, ஒசரத் தூக்கு என்று கத்திவிட்டு வந்தான். "மாப்ள, ஒரு சின்ன உதவி."

"சொல்லு."

"அடுத்த வாரம் ஓனரோட மச்சான் சைட்டப் பாக்க வாராராம். அவரும் ஒரு மகால் கட்டப் போறாரு, வேலை நமக்கு வந்தாலும் வரும். இந்தக் குவியல் பத்தாது. கொஞ்சம் பெருசா ஒண்ணுக்குப் படம் போட்டுக் குடு."

இன்று மதியமும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. போட்டுக்கொண்டிருக்கிறேன்.